நாலாவது மூலையில் போன முளை

மரப் பெட்டி செய்யும்போது மூன்று மூலை ஒழுங்காக அமைந்துவிட்டால் நாலாவதில் கை தானாக வேகம் பிடிக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. கோப்பிங் சா என்கிற மெல்லிய பிளேடு ரம்பத்தை ஒரு நிமிஷம் இழுத்திருப்பேன். "டப்" என்று ஒரு துண்டு காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தால், அது வெட்டி எறிய வேண்டிய கழிவு இல்லை. பெட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய முளை.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்ப இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். ரம்பம் தின்ற இடைவெளி தவிர அழகாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தம்தான் என்னை அடுத்த தப்புக்கு இழுத்துப் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்துகொண்டிருந்தது ஒரு கருவிப் பெட்டி. 30 அங்குல நீளம், 16 அங்குல அகலம், உயரம் 13¾. தரையில் உட்கார்ந்து, மேல் மூடி திறந்து, உள்ளே இரண்டு தட்டு முன்னும் பின்னும் நகர்கிற ஆங்கிலேய வகை. பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு 1796இல் அவருடைய அப்பா முழு செட் தச்சுக் கருவி வாங்கிக் கொடுத்தார். அவற்றை வைக்க மகன் செய்த பெட்டி இன்றும் இங்கிலாந்தில் ராச்செஸ்டர் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்களை ராத்திரி ராத்திரியாகப் பெரிதாக்கிப் பார்த்ததில் பிடித்த பைத்தியம் இது. சீட்டன் அளவுக்கு உள்வேலைப்பாடு செய்யும் பேராசை எனக்கு இல்லை. உளிகள் ஒன்றோடொன்று மோதி வாய் மழுங்காமல் இருந்தால் போதும்.

மரம் வேம்பு. மாமனார் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆடிக் காற்றில் சாய்ந்தது. விறகுக்குப் போக இருந்ததைச் செங்கோட்டை சாமில் ஒன்றுக்கு ஏற்றிப்போய் ஒரு அங்குலப் பலகையாக அறுத்து, பாளையங்கோட்டை வீட்டு மாடிப்படிக்குக் கீழே, இடையிடையே ரீப்பர் கட்டை வைத்து அடுக்கி, வெட்டுமுகங்களில் மிச்சமிருந்த பெயிண்டை அடித்து, ஒன்றரை வருஷம் காயவிட்டேன். இழைத்து முடித்தபோது ஆறு நூல் கனம் நின்றது. (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. டேப்பில் மில்லிமீட்டர் இருக்கிறது, ஆனால் மர வேலையில் எனக்கு மண்டையில் ஓடுவது நூல் கணக்குதான்.) பலகைகள் அகலம் போதாமல் இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் ஒட்டினேன். பெட்டிக்குச் சரியாக இருந்தது. உபரி என்று பார்த்தால் கையகலத் துண்டுகள்தான். ஒரு பக்கப் பலகை பாழானால் அதே மரத்தில் இன்னொன்று கிடையாது.

மூலைகளுக்குப் புறாவால் இணைப்பு. மரக்கடையில் கேட்டால் "டவ்டேல்" என்பார்கள். ஒரு பலகையின் முனையில் புறாவின் வாலைப்போல விரிந்த பற்கள், மற்றப் பலகையில் அவற்றுக்கு இடையே நுழையும் முளைகள். வால் எந்தப் பலகையில், முளை எந்தப் பலகையில் என்பது விருப்பம்போல வைப்பது இல்லை. பெட்டியின் கைப்பிடி இரண்டு குறும்பக்கங்களிலும் வருகிறது. தூக்கும்போதும் இழுக்கும்போதும் குறும்பலகை வெளிப்பக்கமாகப் பிய்ந்து வரப் பார்க்கும். அந்தத் திசையில் பிடித்து நிறுத்துவது நீளப் பலகையின் வால்தான். அதனால் நீளப் பலகைகளில் வால், குறும்பலகைகளில் முளை. இதெல்லாம் சரியாகத்தான் யோசித்தேன்.

யோசிக்காமல் விட்டது அகலத்தை. பொதுவாக வால் அகலமாகவும் முளை ஒல்லியாகவும் வைப்பார்கள். நான் "கருவிப் பெட்டி, கனம் தாங்கணும்" என்று இரண்டையும் ஒரே அகலம் வைத்தேன். உயரத்தைப் பதினொரு பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒன்றே கால் அங்குலம், ஆறு முளை, ஐந்து வால். சாய்வு ஏழுக்கு ஒன்று. பலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடு போட்டபின் பலகையின் முனையைப் பார்த்தால் எது முளை, எது கழிவு என்று கண்ணுக்குத் தெரியாது. வேலியில் அடித்த சட்டங்கள் மாதிரி எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒல்லி முளையாக இருந்திருந்தால் எந்தத் தூக்கக் கலக்கத்திலும் அதை அறுத்திருக்க மாட்டேன்.

கழிவில் பெருக்கல் குறி போட்டுத்தான் இருந்தேன், பென்சிலில், வெளிமுகத்தில் மட்டும். சித்திரை மாசம். முழங்கை வியர்வை பட்டுப் பட்டு குறி மங்கிவிட்டது. போதாததற்குப் பலகையைத் திருப்பி, உள்முகம் என் பக்கம் பார்க்கிற மாதிரி வைஸ் இடுக்கியில் மாட்டிவிட்டு, எந்தக் குறியும் இல்லாத முகத்தைப் பார்த்து "ஒன்றுவிட்டு ஒன்று" என்று எண்ணி அறுத்தேன். எண்ணத் தொடங்கியது தப்பான முனையிலிருந்து இல்லை. நடுவில் ஒரு கழிவை எடுத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், அவ்வளவுதான். பக்கத்துக் கழிவுகளையும் ஏற்கெனவே எடுத்திருந்ததால், நாலாவது முளை நிற்க வேண்டிய இடத்தில் மூன்றே முக்கால் அங்குலத்துக்கு வெறும் சமதரை.

அன்றைக்கே வேலையை மூடி வைத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. விழுந்த துண்டு பொருந்துகிறதே என்ற ஆசையில், ரம்ப இடைவெளிக்கு ஈடாகக் கொஞ்சம் பெரிய துண்டாக உபரியில் வெட்டி, ஃபெவிகால் தாராளமாகத் தடவி, பலகையின் முனையில் நேராக ஒட்டி, நீளக் கிளாம்பு போட்டு இறுக்கினேன். மறுநாள் காலையில் கிளாம்பைக் கழற்றி, முளை வடிவத்துக்கு அறுத்து, உளியால் சீவி, போட்டோகூட எடுத்தேன். பிரமாதமாக இருந்தது.

வால் பலகையை மேலே வைத்துக் கொட்டாப்புளியால் முதல் தட்டு. நன்றாக இறங்கியது. இரண்டாவது தட்டில் முளை தெறித்துப் போய் அடுக்கி வைத்த பூந்தொட்டிகளுக்கு நடுவே விழுந்தது.

தெறித்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு நார்கூடப் பிய்ந்து வரவில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடிபோலப் பளபளப்பு. நல்ல ஒட்டு உடைந்தால் மரம் கிழியும். இங்கே கிழியவே இல்லை, ஏனென்றால் ஒட்டவே இல்லை. மரத்தின் வெட்டுமுகம் என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களின் வாய். தடவிய பசையை அது உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பில் மிஞ்சுவது சொற்பம். போதாததற்கு ஒட்டிய பரப்பு ஒரு சதுர அங்குலம்கூட இல்லை. எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் தெருமுனையில் நிலை, கதவு வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டியவர். என் பொழுதுபோக்குத் தச்சை அவர் கிண்டலாகத்தான் பார்ப்பார். வேறு வழி இல்லாமல் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி, பல்லு விழுந்த கிழவி மாதிரி இருக்கு?"

"முளையையே அறுத்துட்டேன் அண்ணாச்சி. ஒட்டிப் பார்த்தேன், தெறிச்சிருச்சு."

பலகையை வாங்கி, பளபளத்த இடத்தை நகத்தால் சுரண்டினார். "வெட்டுமுகத்துல ஒட்டுனா எப்படி நிக்கும்? நாரோட நார் படுக்கணும். கீழ இறங்கிப் போங்க."

"எவ்வளவு கீழ?"

"நாலு அங்குலம் போங்க. உள்பக்கமா பாதிக் கனத்த எடுத்துட்டு, முளையோட சேர்ந்தாப்ல ஒரே துண்டா ஒக்கார வைங்க. வெளிய இருந்து பார்க்கறவனுக்கு என்ன தெரியப்போவுது?" பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் படியிறங்கும்போது சொன்னார்: "குழிய நேரா வெட்டாதீய. கீழ போகப்போகக் கொஞ்சம் ஒடுங்கட்டும்."

வீட்டுக்கு வந்து காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் அழகு முழுசாகப் புரிந்தது. இந்த இணைப்பில் முளை வெளிமுகத்தில் குறுகலாகவும் உள்முகத்தில் அகலமாகவும் இருக்கும். ஒட்டுத்துண்டு உள்ளிருந்து வருவதால் முளையின் அகலப் பக்கத்துக்கே முழுத் தாங்கல் கிடைக்கிறது. வெளிமுகத்தில் புதுத் துண்டும் பழைய பலகையும் சந்திக்கும் கோடு முளையின் அடியில் விழும். அது வால்களின் விளிம்புக் கோட்டோடு ஒரே நேர்கோடு. அங்கே ஏற்கெனவே ஐந்து இடத்தில் கோடு இருக்கிறது. ஆறாவதாக ஒன்று கூடினால் யார் எண்ணப்போகிறார்கள்?

வேறு வழியையும் யோசித்தேன் என்று எழுதிவைக்கிறேன். முனையை ஆறு நூல் அறுத்துத் தள்ளிவிட்டு எல்லா முளையையும் புதிதாக வெட்டலாம். ஆனால் எதிர்ப்பக்கக் குறும்பலகையும் அதே அளவு குறைய வேண்டும். அதாவது நன்றாக இருக்கும் இன்னொரு மூலையையும் என் கையாலேயே பலி கொடுக்க வேண்டும். மனசு வரவில்லை.

முதல் வேலை பழைய ஃபெவிகாலை எடுப்பது. காய்ந்த ஃபெவிகால் மேல் புது ஃபெவிகால் பிடிக்காது. எங்கே பசை மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சுத்தமான மரத்தில் உடனே ஊறி இருண்டுவிடும். பசை இருக்கும் இடத்தில் தாமரை இலைத் தண்ணீராக நிற்கும். உளியை நன்றாகத் தீட்டி, தண்ணீர் ஊறும் வரைக்கும் சீவினேன். அதில் முளையின் அடிக்கோடு ஒரு தலைமுடி அளவு கீழே போய்விட்டது.

அடுத்தது குழி. உள்முகத்தில், முனையிலிருந்து நாலு அங்குல நீளம். வாயில் ஒன்றரை அங்குல அகலம், அடியில் ஒன்றே கால். ஆழம் மூன்று நூல். கோடுகளை எல்லாம் கத்தியால் கீறினேன். பழைய ஹாக்சா பிளேடைத் தீட்டிச் செய்த கத்தி. பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது. உளியின் வாய் அதில் போய்த் தானாக உட்காரும். பக்கச் சுவர் இரண்டையும் ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்து முடிந்தவரை அறுத்து, மிச்சத்தை உளியால் இறக்கினேன்.

வேம்பில் இந்த வேலை சுகமில்லை. அதன் நார் ஒரு திசையில் ஓடாது, பின்னிப் பின்னிப் போகும். இந்த விரற்கடையில் வெண்ணெய்போல வழுக்கும் உளி, அடுத்த விரற்கடையில் மரத்துக்குள்ளே குதித்துக் கட்டியாகப் பெயர்க்கும். இரண்டு முறை அப்படிப் பெயர்ந்த பிறகு, நாரோடு சீவுவதை விட்டுவிட்டுக் குறுக்காக, அதுவும் சாய்த்து, மெல்லிசாகச் சீவினேன். மெதுவாகத்தான் போனது, ஆனால் பிறகு குதிக்கவில்லை.

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சாதனம் செய்தேன். தட்டையான கட்டை ஒன்றில் ஒரு திருகை அடிப்பக்கமாக மூன்று நூல் மட்டும் துருத்தும்படி முடுக்கியது, அவ்வளவே. கட்டையைப் பலகை மேல் இருபுறமும் படியவைத்து நகர்த்தினால், குழியின் தரையில் மேடு இருக்கும் இடத்தில் எல்லாம் திருகின் நுனி கீறும். கீறிய இடத்தை மட்டும் சீவ வேண்டும். கீறல் விழாமல் லேசாக உரசிக்கொண்டு போனால் தரை தயார். கடையில் இதற்கென்றே விற்கும் இழைப்புளி நல்ல விலை. இந்தக் கட்டைக்குச் செலவு ஒரு திருகு.

ஒட்டுத்துண்டை அதே பலகையின் உபரியில் எடுத்தேன். நார் ஒரே திசையில் ஓடுமாறு, நிறமும் ஒத்துப்போகுமாறு மூன்று துண்டுகளை வைத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து அங்குல நீளம். அதில் நாலு அங்குலத்துக்குப் பாதிக் கனம், மிச்சம் முழுக்கனமும் அதற்கு மேல் கொஞ்சமும். பக்கத்திலிருந்து பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும். அந்தப் படியின் செங்குத்து முகம்தான் வெளியே தெரியப்போகும் கோடு. அதனால் அதை மட்டும் மூலைமட்டம் வைத்து நாலு முறை சரிபார்த்தேன்.

ஒடுங்கும் குழியின் அருமை பொருத்தும்போது தெரிந்தது. துண்டை முனைப்பக்கமிருந்து தள்ளினால் ஆப்புபோல இரண்டு சுவரையும் நெருக்கிக்கொண்டு போகும். படி அடிக்கோட்டைத் தொட இன்னும் அரை நூல் இருக்கையில் நின்றுவிட்டது. குழியின் சுவர்களில் பென்சிலைத் தேய்த்துக் கரி பூசி, துண்டைச் செருகி எடுத்தால், இறுக்கமான இடத்தில் கரி ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் இழைப்புளியால் ஒரு இழுப்பு. மறுபடி செருகு, மறுபடி எடு. எட்டாவதோ ஒன்பதாவதோ முறையில் படியும் சுவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன. கையை எடுத்தாலும் துண்டு விழவில்லை. பசை இல்லாமலே நிற்கிறது. அந்த மாலை முழுக்க அதற்கே போனது. இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

ஃபெவிகாலை இந்த முறை இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவினேன். ஒட்டும் பரப்பு இப்போது ஐந்தரைச் சதுர அங்குலம், அதுவும் நாரோடு நார். மேலும் கீழும் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் கவர் வைத்து, அதன் மேல் கட்டை வைத்து, கிளாம்பு. பால் கவரில் ஃபெவிகால் ஒட்டாது, உரித்து எடுத்துவிடலாம். ஒரு முழு நாள் தொடவில்லை. மறுநாள் உள்முகத்திலிருந்து இரண்டு நூல் துளை இரண்டு போட்டு மூங்கில் ஆணி இறக்கினேன். ட்ரில் வெளிமுகத்தைத் துளைத்துவிடாமல் பிட்டில் ஐந்து நூலில் ஒரு டேப் சுற்றியிருந்தேன். ஆணி தேவையா என்றால், பசை மட்டுமே போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு தடவை தெறித்துப் போனதைப் பார்த்தவனுக்கு ஆணி ஒரு தைரியம்.

துருத்திய பகுதிகளை இழைத்துச் சமமாக்கிய பிறகுதான் முளைக்குக் கோடு போட்டேன். பழைய அளவைக் கொண்டு போடவில்லை. வால் பலகையையே அதன் மேல் நிறுத்தி, மற்ற ஐந்து முளைகளின் விளிம்போடு வால்களை ஒத்துவைத்து, காலியாக இருந்த இடைவெளியின் ஓரமாகக் கத்தியால் கீறினேன். அந்த இடைவெளி எப்படி இருக்கிறதோ, அதில் இருக்கும் கோணல் உட்பட, முளை அதன்படி வர வேண்டும். கழிவில் இம்முறை சிவப்புச் சாக்பீஸ், இரண்டு முகத்திலும், வெட்டுமுகத்திலும். கோட்டுக்குக் கழிவுப் பக்கமாக ரம்பம். கோடு பாதி மிச்சம் நிற்கும்படி.

பொருத்திப் பார்த்த நேரத்தில் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு இப்படி மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கீங்க?" என்றாள். முதல் தட்டு. இரண்டாவது தட்டு. சத்தம் "டொக்" என்று பொள்ளலாக இருந்தது, இறங்க இறங்க "டக்" என்று கனத்தது. அடி வரைக்கும் போனது. முளை அசையவில்லை.

அதற்காக எல்லாம் கச்சிதம் என்று இல்லை. இரண்டாவது முளைக்கும் வாலுக்கும் இடையே ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி. முதல் ஒட்டு தெறித்தபோது அந்த வாலின் ஓரம் நசுங்கியிருக்க வேண்டும். இதற்கு மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அப்புவதுதான் வழக்கம். எனக்கு அது ஆகாது. காய்ந்ததும் கறுத்துப்போய், எண்ணெயோ பாலிஷோ ஏறாமல், தப்பு இங்கே என்று விரல் நீட்டிக் காட்டும். அதே வேம்பில் மெல்லிய சீவல் எடுத்து, பசையில் தோய்த்து, இடைவெளியில் தள்ளி, காய்ந்ததும் உளியால் சமமாக வெட்டிவிட்டேன். இப்போது அந்த இடத்தை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு நாலு மூலையையும் சேர்த்து ஒட்டியதில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. மூலைக்கு மூலை சரடு பிடித்துப் பார்த்தேன், ஒரு குறுக்கு ஒரு நூல் அதிகம். கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டதும் சரியானது.

வெளிமுகத்தில் அந்த முளையின் அடிக்கோடு மட்டும் மற்றவற்றைவிடத் தலைமுடி அளவு கீழே நிற்கிறது, பசையைச் சீவியபோது போன அதே முடி. மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்சா தெரியாதுல்ல" என்றாள். ஆங்கிலேயப் பெட்டிகளுக்கும் வெளியே பெயிண்ட் அடிக்கும் பழக்கம் உண்டு, அதனால் அவளுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு நியாயம் இல்லை. ஆனாலும் எண்ணெய் மட்டும்தான் போடப்போகிறேன். வேம்பின் சிவப்பு பெயிண்டுக்குள்ளே போவதில் விருப்பமில்லை.

உள்பக்கம் ஒட்டுத்துண்டு அப்பட்டமாகத் தெரிகிறது, ஆப்பு வடிவத்தில், நடுவில் இரண்டு மூங்கில் புள்ளிகளோடு. தட்டு நகர்வதற்கான சட்டம் அதன் மேல்தான் வருகிறது, பாதி மறைந்துவிடும். நேற்று அந்தச் சட்டத்தைத் திருகுவதற்குத் துளை போட்டேன். அளந்து, குறித்து, மூலைமட்டம் வைத்து, ட்ரில்லை அழுத்தினால் தூள் வெள்ளையாக வருகிறது. நேராக மூங்கில் ஆணியின் தலைமேல் இறக்கியிருக்கிறேன். திருகை அரை அங்குலம் தள்ளிப் போட்டேன்.